சென்டர் ஆரம்பிங்க, ஆனா பில் பாக்குற ஆளை அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பாதீங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில புதுசா ஒரு ஜிசிசி, அதாவது பெரிய கம்பெனிங்க தங்களோட கணக்கு, கம்ப்யூட்டர் மாதிரி உள்வேலைய பாக்க வெக்கற சென்டர், வருது, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலைன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி பாக்குறேன், சந்தோஷமா இருக்கு. நாடு முழுக்க 1,700 சென்டருக்கு மேல, 19 லட்சம் பேரு வேலை பாக்குறாங்கன்னு ஐடி கம்பெனிங்களோட சங்கமான நாஸ்காம் 2024ல கணக்கு சொல்லுச்சு. நம்ம தமிழ்நாடு அரசும் 2024-25 பட்ஜெட்ல, இந்த மாதிரி சென்டர்ல மாசம் 1 லட்சத்துக்கு மேல சம்பளம் உள்ள வேலைக்கு முதல் வருஷம் 30 சதவீதம், அடுத்த வருஷம் 20, மூணாவது வருஷம் 10ன்னு சம்பள மானியம் தர்றதா சொல்லிருக்கு. எல்லாம் நல்லதுதான். ஆனா இங்க ஒரு சென்டர் திறக்கறாங்கன்னா வேற எங்கயோ ஒரு ஃபேக்டரியில, ஒரு கிளை ஆபீஸ்ல ஒரு செக்‌ஷன மூடறாங்கன்னு அர்த்தம், அந்த மூடற இடத்துல என்ன நடக்குதுன்னு யாரும் எழுதறதில்ல. நான் அந்த மூடுன செக்‌ஷன்ல இருந்தவன், அதனால எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். பெரிய கம்பெனிக்கு நாலு ஊர்ல ஃபேக்டரி இருந்தா நாலு இடத்துலயும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன், சம்பளம் போடற செக்‌ஷன், டிராவல் பில் பாக்குற ஆளுன்னு தனித்தனியா இருக்கும். ஒரே வேலைய நாலு இடத்துல நாலு விதமா பண்ணுவாங்க. அதை எல்லாம் எடுத்து ஒரே இடத்துல வெச்சு, ஒரே சாஃப்ட்வேர், ஒரே விதின்னு பண்ணி, அங்கிருந்து எல்லா ஃபேக்டரிக்கும் வேலைய முடிச்சுக் குடுக்கறதுதான் ஷேர்டு சர்வீஸ் சென்டர். யோசனையில தப்பே இல்ல. உலக வங்கி 2001லயே வாஷிங்டன்ல இருந்த கணக்கு வேலைகளை சென்னைக்கு கொண்டு வந்துச்சு, தரமணியில அவங்க ஆபீஸ் இன்னிக்கும் நல்லா ஓடுது. அதே வருஷம்தான் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் பேங்க் ஸ்கோப் இன்டர்நேஷனல்னு ஒரு சென்டர சென்னையில ஆரம்பிச்சது, எத்தனையோ குடும்பம் அதுல தலையெடுத்துச்சு. என் பொண்ணே ஓஎம்ஆர்ல ஒரு சென்டர்லதான் வேலை பாக்குறா, அவ சம்பளத்துலதான் எங்க வீட்டு லோன் அடைஞ்சுது. அதனால இதை எதிர்த்து எழுதறேன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியோட ஃபேக்டரியில 28 வருஷம் அக்கவுண்ட்ஸ்ல இருந்தேன். கம்பெனி பேரு வேண்டாம். என் வேலை சப்ளையர் பில் பாஸ் பண்றது. கேக்க சின்ன வேலையா தெரியும். பர்ச்சேஸ் ஆர்டர் ஒண்ணு, ஸ்டோர்ஸ்ல சரக்கு வந்ததுக்கு போடற ஜிஆர்என் ஒண்ணு, சப்ளையர் குடுக்கற பில்லு ஒண்ணு, மூணுலயும் அளவும் ரேட்டும் ஒத்துப் போனா பாஸ், இல்லனா நிறுத்தி வை. த்ரீ வே மேட்ச்சுனு சொல்லுவாங்க. புத்தகத்துல இவ்ளோதான் இருக்கு. ஆனா நிஜத்துல மூணும் ஒத்துப் போகாத பில்லுதான் நம்ம வேலையே. ராத்திரி லாரி வந்தா ஸ்டோர்ஸ்ல மறுநாள்தான் என்ட்ரி போடுவாங்க, அதனால மாசக் கடைசியில தேதி இடிக்கும். பர்ச்சேஸ்ல இருக்கறவரு ரேட்ட போன்ல ஏத்திக் குடுத்துட்டு ஆர்டர்ல திருத்த மறந்திருப்பாரு. சப்ளையர் ஜிஎஸ்டி நம்பர் மாறி இருக்கும், இவங்க பழைய நம்பர்லயே ஆர்டர் போட்டிருப்பாங்க. இந்த மாதிரி வந்தா நான் எந்திரிச்சு ஸ்டோர்ஸுக்கு நடந்து போவேன், கேட் ரெஜிஸ்டர பாப்பேன், சம்பந்தப்பட்டவர்கிட்ட கையெழுத்து வாங்குவேன், மத்தியானத்துக்குள்ள பில்லு பாஸ் ஆயிடும்.

இதுல ஒரு கேஸ் மட்டும் விவரமா சொல்றேன், ஏன்னா நான் சொல்ல வர்றது முழுசும் அதுல இருக்கு. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சிருக்கற ஒரு அண்ணன், மூணு மெஷின், அஞ்சு பேரு வேலை. நாங்க ராடு அனுப்புவோம், அவரு கடைஞ்சு புஷ்ஷு, அதாவது நடுவுல ஓட்டை உள்ள சின்ன பாகம், பண்ணி திருப்பி அனுப்புவாரு, ஜாப் ஒர்க். எங்க ஆர்டர்ல ஒரு பீஸுக்கு இவ்ளோன்னு எண்ணிக்கையில ரேட் இருக்கும், அவரும் எண்ணிக்கையிலதான் பில் போடுவாரு. ஆனா ஸ்டோர்ஸ்ல ஆயிரக்கணக்கான சின்ன புஷ்ஷ யாரு உக்காந்து எண்றது, தராசுல போட்டு கிலோவுல என்ட்ரி போடுவாங்க. அது எந்தக் காலத்துலயோ ஆரம்பிச்ச பழக்கம். நான் ஒரு நோட்டுல ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு பீஸ் எத்தனை கிராம்னு எழுதி வெச்சிருந்தேன், கிலோவ வகுத்துப் பாத்து பில்லோட ஒத்துப் போகுதான்னு டிக் போட்டு பாஸ் பண்ணுவேன். வருஷக்கணக்கா அப்படித்தான். ஆடிட்டருக்கும் தெரியும், அவரும் அந்த நோட்ட பாத்துட்டு ஒத்துக்குவாரு.

அப்புறம் ஷேர்டு சர்வீஸ் சென்டர் வந்துச்சு. நாலு ஃபேக்டரி கணக்கும் ஓஎம்ஆர்ல ஒரே மாடிக்கு போகுதுன்னு சொன்னாங்க. எங்க செக்‌ஷன்ல 14 பேரு இருந்தோம், 11 பேருக்கு விஆர்எஸ், நான் உள்பட மூணு பேர மட்டும் கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கிட்டாங்க. நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்னு ஆறு வாரம், ரெண்டு சின்னப் பசங்க லேப்டாப்போட வந்து உக்காந்தாங்க, மரியாதையான பசங்க, நான் சொல்றத எல்லாம் எழுதிக்கிட்டாங்க. ஆனா அவங்க கையில ஒரு ஃபார்ம் இருந்துச்சு, அந்த ஃபார்ம்ல இருக்கற கேள்விய மட்டும்தான் கேட்டாங்க. மாசம் எத்தனை பில்லு, ஒரு பில்லுக்கு எத்தனை நிமிஷம், சிக்கல் வர்ற பில்லு எத்தனை சதவீதம். சிக்கல் வந்தா நீங்க எங்க நடந்து போறீங்கன்னு அந்த ஃபார்ம்ல கேள்வி இல்ல. நான் நோட்ட காட்டினேன், படம் புடிச்சுக்கிட்டாங்க. கடைசியில வந்த எஸ்ஓபியில, அதாவது வேலைய எப்படி பண்ணணும்னு எழுதின குறிப்புல, ஒரு வரிதான் இருந்துச்சு, அளவு யூனிட் ஒத்துப் போகலன்னா பில்ல சப்ளையருக்கு திருப்பி அனுப்பவும்னு.

அக்டோபர் 1ஆம் தேதி ஆரம்பிச்சாங்க. தீபாவளிக்கு ரெண்டு மூணு வாரம்தான் இருந்துச்சு. லேத் அண்ணன் பில்லு போட்டாரு, திரும்பி வந்துச்சு. இன்னொரு தடவை போட்டாரு, மறுபடியும் திரும்பி வந்துச்சு. போன் பண்ணா ஒரு நம்பர அமுக்குங்க, இன்னொரு நம்பர அமுக்குங்கன்னு போய் கடைசியில ஒரு டிக்கெட் நம்பர் குடுப்பாங்க. ரெண்டு நாள் கழிச்சு டிக்கெட் முடிஞ்சதுன்னு மெசேஜ் வரும், பணம் வராது. பில்ல திருப்பி அனுப்பிட்டாலே அவங்க கணக்குல அந்த டிக்கெட் முடிஞ்சது. மறுபடியும் பில் அனுப்பினா அது புது டிக்கெட், நாள் கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். என்கிட்ட வந்து நின்னாரு. எனக்கு சிஸ்டத்துல பாக்கற உரிமை மட்டும்தான் விட்டு வெச்சிருந்தாங்க, பாஸ் பண்ற உரிமைய எடுத்துட்டாங்க. பில்லு எதனால நிக்குதுன்னு எனக்குத் தெரியுது, நோட்டு என் டிராயர்லயே இருக்குது, ஆனா ஒண்ணும் பண்ண முடியல. அந்த தீபாவளிக்கு அவரு வீட்டு நகைய அடகு வெச்சுதான் பட்டறை பசங்களுக்கு போனஸ் குடுத்தாரு. அதை அவரு என்கிட்ட கோவமா கூட சொல்லல, சாதாரணமா சொன்னாரு, அதுதான் எனக்கு இன்னிக்கும் தூக்கத்துல வருது.

அதே நேரத்துல எங்க ஃபேக்டரி மீட்டிங்ல சென்டரோட ரிப்போர்ட்ட பெரிய ஸ்க்ரீன்ல காட்டினாங்க. எல்லா கட்டமும் பச்சை. பில் வந்து இத்தனை மணி நேரத்துல பதில் குடுக்கணும்னு ஒப்பந்தம், எஸ்எல்ஏன்னு சொல்றாங்க, அதுபடி பதில் குடுத்தாச்சு, அதனால பச்சை. பதில் என்னன்னு அந்த கட்டத்துல வராது. சப்ளையருக்கு பணம் போச்சான்னும் வராது. பொய் சொல்லணும்னு யாரும் அதை தயார் பண்ணல, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா பச்சைய பாத்துட்டு எங்க மேனேஜர் மிச்சம் இருந்த மூணு பேரையும் சீக்கிரமே விட்டுடலாம்னு எழுதி அனுப்பினாரு.

வீட்டுல என் பொண்ணுகிட்ட இதை சொல்லி கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன், நீங்க எல்லாம் என்னம்மா வேலை பாக்குறீங்கன்னு. அவ வேலை பாக்குறது வேற கம்பெனி சென்டர், ஆனா இதே வேலைதான். அவ சொன்னா, "அப்பா, என் ஸ்க்ரீன்ல ஒரு பில்லு வருது, ஒரு ஆர்டர் வருது, ரெண்டும் ஒத்துப் போகலன்னா யார கேக்கறதுன்னு எனக்கு பேரு கூட தெரியாதுப்பா. அங்க இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. மெயில் போட்டா திரும்பி வருது, அந்த ஐடியே இல்லன்னு. ஒரு நாளைக்கு இத்தனை முடிக்கணும்னு கணக்கு இருக்கு, நான் ஒண்ணுல உக்காந்து தேடிட்டு இருந்தா மாசக் கடைசியில என் பேருக்கு நேரா சிவப்பு விழும்." அதைக் கேட்டப்புறம் எனக்கு அவ மேல இருந்த கோவம் போயிடுச்சு. பில்லுக்கு அந்தப் பக்கம் இருக்கற புள்ளைங்களும் கஷ்டத்துலதான் இருக்காங்க, ராத்திரி ஷிஃப்ட், மாச க்ளோசிங்ல தூக்கமே கிடையாது, யார் யாரோ போன்ல திட்டறத வாங்கிக்கணும். தப்பு அவங்க மேல இல்ல. விஷயம் தெரிஞ்ச ஆள எந்த நேரத்துல வெளிய அனுப்பறாங்கங்கற முடிவுலதான் தப்பு இருக்கு.

இது எங்க ஃபேக்டரியில மட்டும் நடந்த கதைன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சப்போதான் கனடா அரசாங்கமே இதுல எப்படி விழுந்துச்சுன்னு தெரிஞ்சுது. அங்க மத்திய அரசு ஊழியர்களுக்கு சம்பளம் போடற சிஸ்டம் 40 வருஷம் பழசு. அதை மாத்தறதுன்னு 2009ல முடிவு பண்ணாங்க, கூடவே 46 துறையில சிதறிக் கிடந்த சம்பள வேலைய நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துல மிராமிஷின்னு ஒரு சின்ன ஊர்ல ஒரே சென்டராக்கறதுன்னும் முடிவு பண்ணாங்க. அந்த ஊர ஏன் எடுத்தாங்கன்னா அங்க ஓடிட்டு இருந்த துப்பாக்கி பதிவு ஆபீஸ மூடப் போறாங்க, வேலை போறவங்களுக்கு ஒரு மாற்று வேணும். நோக்கம் நல்ல நோக்கம்தான், நான் குறை சொல்லல. ஆனா 46 துறையிலயும் சம்பளக் கணக்கு பாத்துட்டு இருந்த 1,200 பேரோட பணியிடத்த எடுத்துட்டு, மிராமிஷியில 460 பேரு, உதவிக்கு 90 பேருன்னு போட்டாங்க. பழைய ஆளுங்கள்ல ரொம்ப கொஞ்சம் பேருதான் அவ்ளோ தூரம் குடி மாறிப் போனாங்க. வருஷத்துக்கு 70 மில்லியன் டாலர் மிச்சம்னு கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க.

ஃபீனிக்ஸ்னு அந்த சம்பள சாஃப்ட்வேருக்கு பேரு. 80,000க்கு மேல சம்பள விதி, யோசிச்சுப் பாருங்க, தீயணைப்புக்காரருக்கு ஒண்ணு, ஜெயில் வார்டனுக்கு ஒண்ணு, கப்பல்ல வேலை பாக்கறவங்களுக்கு ஒண்ணு. வேலை இழுத்துச்சு, பணம் பத்தல, உடனே சாஃப்ட்வேர் பண்ண வேண்டிய 984 வேலையில சுமார் 100 வேலைய எடுத்துட்டாங்க, அதுல பின்தேதியிட்ட சம்பள பாக்கி போடறதும் ஒண்ணு. நம்ம ஊர்ல அரியர் கணக்கு போடறவங்கள கேட்டுப் பாருங்க, சம்பள செக்‌ஷன்ல அதை விட தலைவலி புடிச்ச வேலை கிடையாது, அதையே எடுத்துட்டாங்க. ஒரே ஒரு துறையில மட்டும் முதல்ல ஓட்டிப் பாக்கறதுன்னு இருந்த சோதனைய 2015ல ரத்து பண்ணிட்டாங்க. 2016 பிப்ரவரியில ஒரு தவணை, ஏப்ரல்ல இன்னொரு தவணைன்னு ரெண்டே மாசத்துல அந்த 46 துறையோட மத்த துறைங்களும் சேத்து மொத்தம் 101 துறை, 2,90,000 ஊழியர்கள உள்ள கொண்டு வந்துட்டாங்க.

என்ன ஆச்சுன்னா, சிலருக்கு சம்பளமே வரல, சிலருக்கு பாதி வந்துச்சு, சிலருக்கு கூட வந்து அதை திருப்பிக் கட்டணும்னு நோட்டீஸ் வந்துச்சு. 2017 ஜூன்ல தலைமை தணிக்கையாளர் கணக்கு எடுத்தப்போ 1,50,000 ஊழியர்களுக்கு மேல சம்பளத்துல சரி பண்ண வேண்டிய பிரச்சனை இருந்துச்சு, தீராத பிழைகளோட மதிப்பு 520 மில்லியன் டாலருக்கு மேல. அப்ப தணிக்கையாளரா இருந்த மைக்கேல் ஃபெர்குசன் 2018 அறிக்கையில, திட்டத்த நடத்துனதுலயும் மேற்பார்வையிலயும் நடந்தது புரிஞ்சுக்கவே முடியாத தோல்வின்னு எழுதினாரு. கடைசியில மிராமிஷிக்கு உதவியா வேற ஊர்லயும் ஆபீஸ் திறந்து, வேலைய விட்டுப் போனவங்களையும் தேடிக் கூப்பிட வேண்டியதாச்சு. ஆள எடுத்ததுல மிச்சமாகும்னு சொன்ன 70 மில்லியன் எங்க போச்சு, திரும்ப ஆளப் போட செலவானது எவ்ளோ. அங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாரும் இல்ல, பணத்துக்கும் பஞ்சம் இல்ல. இருந்தும் எங்க ஃபேக்டரியில நடந்த அதே தப்புதான் நடந்திருக்கு. வேலை முழுசா புது இடத்துக்கு போய் சேரறதுக்கு முன்னாடி வேலை தெரிஞ்சவங்க போயிட்டாங்க.

அதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையில 2010 மார்ச்சுல இதே மாதிரி ஒரு சம்பள சிஸ்டம், நர்ஸு, டாக்டர்னு 70,000க்கு மேல ஊழியர்கள், ஷிஃப்ட் வேலை, சம்பளம் தாறுமாறா போச்சு. 2013ல விசாரணை கமிஷனே உக்காந்துச்சு, மொத்த செலவு 1.2 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு.

சரி, நல்லபடியா பண்ண முடியாதான்னா, முடியும், அதுக்கு உதாரணம் நம்ம நாட்டுலயே இருக்கு, என் பென்ஷன் பாஸ்புக்லயே இருக்கு. இபிஎஃப்ஓ, அதாவது பிஎஃப் ஆபீஸோட 1995 பென்ஷன் திட்டத்துல இருக்கறவங்களுக்கு முன்னாடி எல்லாம் ஒவ்வொரு மண்டல ஆபீஸும் மூணு நாலு பேங்க்கோட தனித்தனியா ஒப்பந்தம் போட்டு பென்ஷன் குடுத்துட்டு இருந்தாங்க. பையன் வீட்டோட இருக்கலாம்னு ஊர் மாறினா பென்ஷன் ஆர்டர ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்கு மாத்தணும், அதுக்கு மாசக்கணக்குல அலையணும். இதை ஒரே மையத்துல இருந்து எந்த பேங்க்குக்கும் போற மாதிரி மாத்தினாங்க, சிபிபிஎஸ்னு பேரு. எப்படி மாத்தினாங்கன்னு பாருங்க. 2024 அக்டோபர்ல கர்னால், ஜம்மு, ஸ்ரீநகர்னு மூணே ஆபீஸ், 49,000 பேருக்கு மேல, சுமார் 11 கோடி ரூபாய். அது சரியா போனப்புறம் நவம்பர்ல 24 ஆபீஸ், 9 லட்சத்துக்கு மேல பேரு, சுமார் 213 கோடி. அதுவும் சரியா போனப்புறம்தான் டிசம்பர் பென்ஷன்ல மொத்தம் 122 ஆபீஸும், 68 லட்சம் பேருக்கு மேல, சுமார் 1,570 கோடி. பென்ஷன் தொகை பத்தாம இருக்கு, அது வேற சண்டை, அதை நான் இன்னொரு கடுதாசியில எழுதறேன், ஆனா இந்த மாத்தத்த படிப்படியா ஓட்டிப் பாத்து பண்ணாங்க, அதை மனசார பாராட்டறேன். எனக்கு ஒரு மாசம் கூட பணம் நிக்கல.

எங்க லேத் அண்ணன் கதைய முடிக்கல. கிட்டத்தட்ட அஞ்சு மாசம் கழிச்சு, சப்ளையருங்க நிறைய பேரு சரக்கு அனுப்பறத நிறுத்தி, உற்பத்தி லைன் நிக்கற நிலைமை வந்தப்போதான் சென்டர்ல இருந்து ரெண்டு பேர ஃபேக்டரிக்கு அனுப்பினாங்க. நான் அவங்கள ஸ்டோர்ஸுக்கு கூட்டிட்டுப் போனேன். தராச பாத்தாங்க. மூட்டைய தூக்கி தராசுல வெக்கறத பாத்தாங்க. அதுல ஒரு பொண்ணு, "சார், இவ்ளோதானா விஷயம்"னு கேட்டுட்டு என் நோட்டுல இருந்த கிராம் கணக்க எல்லாம் அங்கேயே உக்காந்து லேப்டாப்ல அடிச்சுக்கிச்சு. அடுத்த வாரம் சிஸ்டத்துல ஐட்டம் மாஸ்டர்ங்கற பொருள் பட்டியல்லயே கிலோவுக்கு எத்தனை பீஸ்னு ஏத்திட்டாங்க, நின்னிருந்த பில்லு எல்லாம் ஒரே நாள்ல போயிடுச்சு. இப்ப சொல்லப் போனா நான் நோட்டுல பண்ணத விட நல்லா, தானாவே ஒத்துப் பாத்துக்குது. சென்டர் வந்ததுனால கிடைச்ச நன்மை அது, அதையும் நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா அந்த ரெண்டு பேரு செப்டம்பர்லயே வந்து ஒரு வாரம் ஸ்டோர்ஸ்ல நின்னிருந்தா அந்த அஞ்சு மாசம் இல்ல. அண்ணன் அதுக்குள்ள ஒரு மெஷின வித்துட்டாரு, ஒரு பையன வேலைய விட்டு நிறுத்திட்டாரு. பணம் வந்துச்சு, வட்டி ஒரு பைசா வரல.

வட்டி வாங்கற உரிமை அவருக்கு சட்டப்படி இருக்கு. குறு, சிறு, நடுத்தர தொழிலுக்கான 2006 எம்எஸ்எம்இ சட்டத்துல, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா கூட 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும், இல்லனா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. ஆனா எந்த சின்ன பட்டறைக்காரரு பெரிய கம்பெனி மேல புகார் குடுப்பாரு, அடுத்த ஆர்டர் வராதுன்னு பயம். வருமான வரிச் சட்டத்துலயும் இதுக்குன்னு ஒரு விதி சேத்தாங்க, 2024 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, குறு சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்கலன்னா அந்த செலவ அந்த வருஷ கணக்குல கழிக்க முடியாது, பணம் குடுத்த வருஷத்துலதான் கழிக்கலாம். அப்போ பில்லு நின்னா கம்பெனிக்கும் நஷ்டம்தான். சென்டர்னால இத்தனை கோடி மிச்சம்னு காட்டற கணக்குல இந்த வரி நஷ்டத்தயும், சட்டப்படி குடுக்க வேண்டிய வட்டியையும் எத்தனை கம்பெனி சேக்கறாங்க? எங்க ஃபேக்டரியில சேக்கல, நானே அந்த ஷீட்ட பாத்தேன்.

இதைப் படிக்கற பெரிய நிறுவனத்துல இருக்கறவங்க, அரசு கார்ப்பரேஷன்ல இருக்கறவங்க கிட்ட நான் கேக்கறது இதுதான். ஒரு மார்ச் க்ளோசிங்காவது புது சென்டர் தனியா முடிச்சுக் காட்டற வரைக்கும் பழைய ஆளுங்கள வெச்சுக்கங்க, ஒவ்வொரு ஃபேக்டரியிலயும் ரெண்டு பேராவது, வெறும் பாக்கற உரிமையோட இல்ல, நின்ன பில்ல விடுவிக்கற உரிமையோட. அவங்க சம்பளம் ஒரு வருஷம் கூட போகும், போகட்டும், கனடாக்காரங்க குடுத்த விலைய பாத்தா அது ஒண்ணுமே இல்ல. வேலை எடுத்துக்கப் போற பசங்கள ஃபார்மோட அனுப்பாம ஒரு மாசம் ஸ்டோர்ஸ்லயும் கேட்லயும் நிக்க வெச்சு அனுப்புங்க. சப்ளையர் போன் பண்ணா பேசறதுக்கு பேரு தெரிஞ்ச ஒரு ஆளு இருக்கட்டும். எல்லா ஃபேக்டரியையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. திருப்பி அனுப்பின பில்ல முடிஞ்சதுன்னு கணக்குல எடுக்காதீங்க, முதல் பில்லு வந்த தேதியில இருந்து பணம் பேங்க்ல விழுந்த தேதி வரைக்கும் எத்தனை நாள்னு அந்த ஒரு கணக்க மட்டும் ஸ்க்ரீன்ல போடுங்க.

இதுக்கு புதுசா தகவல் கூட சேகரிக்க வேண்டாம். குறு சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல பாக்கி வெச்சிருந்தா கம்பெனிங்க எம்எஸ்எம்இ-1ங்கற படிவத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அக்டோபர் கடைசியிலயும் ஏப்ரல் கடைசியிலயும், மத்திய கம்பெனி விவகாரத் துறைக்கு காரணத்தோட குடுத்தாகணும். கம்பெனியில பொறுப்புல இருக்கறவங்க கையெழுத்து போட்டு போற படிவம். சென்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆறு மாசம், ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஆறு மாசம், ரெண்டு படிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு போர்டு மீட்டிங்ல பாத்தாலே உண்மை தெரிஞ்சுடும். பாக்கி ஏறி இருந்தா மிச்ச ஆளுங்கள அனுப்பற ஃபைல்ல அன்னிக்கு கையெழுத்து போடாதீங்க.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் இருக்கு. அடுத்த தடவை ஒரு பெரிய நிறுவனம் தன்னோட கணக்கு வேலைய ஒரே சென்டருக்கு மாத்தறதா செய்தி வந்தா, திறப்பு விழாவுக்கு அனுப்பற நிருபர அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும், திருமுடிவாக்கத்துக்கும், ஓசூருக்கும் கூட ஒரு தடவை அனுப்புங்க. அந்த நிறுவனத்துக்கு சரக்கு போடற பட்டறைக்காரங்க கிட்ட கடைசி பில்லுக்கு பணம் எப்ப வந்துச்சுன்னு கேக்க சொல்லுங்க. பேரு போட மாட்டோம்னு சொன்னா பேசுவாங்க. எங்க லேத் அண்ணன் பேசுவாரு, நான் கேட்டுட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அக்கவுண்ட்ஸ் ஊழியர்,
பூந்தமல்லி.